ஆகாயத்தில் எத்தனை லைன்?

மணலியில் வாசம் செய்கிறவர்களுக்கு ஆகாயத்தைப் பார்க்கிற பழக்கம் தானாகவே வந்துவிடும். காலையில் மொட்டை மாடிக்குப் போய், புகைபோக்கிகளின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் வடாம் பிழிவதா, வேண்டாமா என்று நிச்சயம் செய்ய வேண்டும். வானிலை இலாகா தவறினாலும் புகைபோக்கி தவறாது என்பது எங்கள் தெருப் பெண்களின் திடமான அபிப்பிராயம்.

அந்த ஆகாயத்தில் எங்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடக்கே, பழவேற்காட்டுக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறதல்லவா? ராக்கெட் கிளம்புகிற நாளில் மேகம் இல்லாமலிருந்தால், தெருவே மாடிக்கு ஏறிவிடும். 2018 டிசம்பர் 19-ஆம் தேதி மாலை 4 மணி 10 நிமிஷத்துக்குப் புறப்பட்ட ராக்கெட்டை அப்படித்தான் பார்த்தோம். அதன் தலையில் இருந்தது ஜிசாட்-7ஏ என்ற செயற்கைக்கோள். எடை 2,250 கிலோ. நம்முடைய விமானப் படையின் உபயோகத்துக்கு என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன.

"இது எதுக்கு?" என்று கேட்டார் அடுத்த வீட்டு அம்மாள்.

"ஆகாயத்தில் பறக்கிற விமானங்கள் பேசிக்கொள்வதற்கு. டெலிபோன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்றேன்.

"அப்படியா? எத்தனை லைன்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. காரணம், நான் டெலிபோன் இலாகாவில் காலம் தள்ளியவள். டிரங்க் போர்டின் முன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, "லைன் இல்லை ஸார், லைன் இல்லை அம்மா" என்று சொல்லியே பாதி ஆயுசு போயிற்று. எத்தனை லைன் வேண்டும் என்ற கேள்விக்கு என் இலாகாவில் பெரிய பெரிய இன்ஜினீயர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் மகன் விமானப் படையில், செய்தித் தொடர்புப் பிரிவில் இருக்கிறான். லீவில் வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது, அத்தை" என்றான்.

"உன் ரகசியம் எனக்கு எதற்கடா? எத்தனை என்று சொல்லாதே. எத்தனை வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? அதை மட்டும் சொல்."

"அதைச் சொல்லலாம். ஆனா ஒரு நிபந்தனை. முதல்ல காபி."

அவன் சொன்னதையும், எனக்கு முன்பே தெரிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவன் சொன்னது எல்லாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதுதான் என்பதால், வாசகர்கள் பயப்பட வேண்டியதில்லை.

* * *

முதலில், விமானத்துக்கு ஏன் இந்தச் செயற்கைக்கோள்? ரேடியோ அலையில் பெரும்பாலானவை நேர்கோட்டில் போகிற சுபாவம் உள்ளவை. பூமியோ உருண்டை. விமானம் தாழப் பறந்தால், அல்லது ஒரு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால், தரையில் இருப்பவரோடு பேச்சு அறுந்து போகும். உயரே இன்னொரு விமானம் வட்டமிட்டுக்கொண்டு, கீழே இருப்பவர் சொல்வதை வாங்கி அப்பால் அனுப்புவது ஒரு பழைய உபாயம். அந்த விமானத்துக்கும் பெட்ரோல் தீருமே! சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது போல் நிற்கும் செயற்கைக்கோளுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாம் சொல்வது அங்கே ஏறி, இறங்கிவரக் கால் விநாடிதான் ஆகும்.

ஆனால் மேலே ஏற்றியதில் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவுதான். தெருவில் பள்ளம் தோண்டிப் புதுக் கம்பி போடுகிற மாதிரி அங்கே போய்ச் சேர்க்க முடியாது. ஜிசாட்-7ஏ எட்டு வருஷம் உழைக்க வேண்டும் என்று திட்டம். அதற்கு முன் அதைக் கட்டி முடிக்கவே சில வருஷம். ஆகவே, பத்து வருஷத்துக்கு அப்பால் ஒரு நாள் எத்தனை பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள் என்று இன்றைக்கே சொல்லியாக வேண்டும்!

பேச்சு என்றால் வெறும் பேச்சா? அதுவும் இல்லை. விமானி வாயால் சொல்கிற சேதிக்குக் கொஞ்சம் இடம் போதும். வானத்தில் யார் யார் பறக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் 'நேத்ரா' போன்ற ரேடார் விமானம் அனுப்பும் விவரங்களுக்கு அதைவிட ஜாஸ்தி வேண்டும். ஆளில்லாத விமானம் ஒன்று கீழே நடப்பதை ஓயாமல் படமாக அனுப்பினால், நூற்றுக்கணக்கான குரல்கள் போகக்கூடிய இடத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும்.

"கல்யாணத்துக்கு அண்டா வாங்கற மாதிரி அத்தை" என்றான் மருமான். "எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாது. யார் எவ்வளவு சாப்பிடுவாங்கன்னும் தெரியாது. கல்யாணம் என்னைக்குன்னே தெரியாது. அண்டாவை மட்டும் இப்பவே வாங்கணும்."

"கல்யாணமே நடக்காமல் போனால்?"

"அதைத்தான் எல்லாரும் வேண்டிக்கறோம்!"

* * *

இந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டவர் ஒரு டேனிஷ்காரர். ஆக்னர் கிராரூப் எர்லாங் என்று பெயர். 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். கணக்கு வாத்தியார் என்றாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. ஏணி தூக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு, தெருக் குழிகளுக்குள் இறங்கித் தாமே அளவெடுப்பாராம். 1917-இல் அவர் வெளியிட்ட சூத்திரம்தான் உலகத்து டெலிபோன் நிலையங்களுக்கெல்லாம் வேதமாயிற்று. டெலிபோன் போக்குவரத்தின் அளவுக்கே 1946-இல் 'எர்லாங்' என்று பெயர் சூட்டினார்கள்.

சூத்திரம் நமக்கு வேண்டாம். அது சொல்லும் அதிசயத்தைப் பாருங்கள். ஒரு தொழிற்சாலையில், வேலை மும்முரமான நேரத்தில், சராசரியாக இரண்டு பேர் வெளியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை லைன் வேண்டும்? "இரண்டு" என்பீர்கள். இரண்டே லைன் போட்டால், கூப்பிடுகிற 100 பேரில் 40 பேருக்குக் கிடைக்காது! சராசரி என்பது அப்படிப்பட்ட மாயாவி. சில நிமிஷம் யாருமே பேசமாட்டார்கள். சில நிமிஷம் ஐந்து பேர் ஒன்றாய் வருவார்கள். 100-க்கு ஒருவருக்குமேல் ஏமாறக் கூடாது என்றால் 7 லைன் வேண்டும்.

நம் மணலியில் அப்படி ஐந்து தொழிற்சாலைகள் தனித் தனியே லைன் வைத்துக்கொண்டால் மொத்தம் 35. அந்த ஐந்தும் "எல்லா லைனும் எல்லோருக்கும்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால்? 18 போதும்! அதே வசதி, பாதி செலவு. ஒருவர் சும்மா இருக்கும் நேரத்தில் இன்னொருவர் உபயோகிக்கிறார், அவ்வளவுதான் சூட்சுமம். கூட்டுக் குடும்பத்தில் தோசைக்கல் ஒன்றே போதுமே, அது மாதிரி.

ஆகாயத்திலும் முதல் உபாயம் இதுதான். இந்தப் படைப் பிரிவுக்கு இந்த லைன் என்று பூட்டி வைக்காமல், பொதுவில் வைத்து, கேட்கிறவருக்குக் கேட்கிற நேரத்தில் கொடுப்பது. கப்பற்படைக்காக 2013 ஆகஸ்டில் தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-7, 'ருக்மிணி' என்ற செல்லப் பெயர் உள்ளது. 2014-இல் வங்காள விரிகுடாவில் நடந்த பெரிய ஒத்திகையில் சுமார் 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் அந்த ஒரு ருக்மிணியே இணைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பிறகென்ன? கணக்குத் தீர்ந்தது" என்றேன்.

மருமான் தலையை ஆட்டினான். "நீங்களா இப்படிச் சொல்றீங்க? புயல் ராத்திரி நீங்க போர்டுல உட்கார்ந்ததே இல்லையா?"

* * *

உட்கார்ந்திருக்கிறேன். 1984 நவம்பரில், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே கரை கடந்ததே ஒரு புயல், அன்று எனக்கு இரவு டியூட்டி.

எர்லாங் துரையின் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கூப்பிடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல், அவரவர் இஷ்டத்துக்குக் கூப்பிட வேண்டும். ஒருவர் வீட்டில் பிரசவம், இன்னொருவருக்குச் சரக்கு விலை. புயல் வந்தால் இந்த நிபந்தனை பறந்து போகும். எல்லோரும் ஒரே காரியத்துக்காக, ஒரே சமயத்தில், ஒரே திசையில் கூப்பிடுவார்கள். அதே சமயம் லைன்களும் ஒவ்வொன்றாய்ச் சாகும். கேட்பவர் பத்து மடங்கு, கொடுப்பது பாதி. பொதுவில் வைத்த 18-ம் அன்றைக்கு எந்த மூலைக்கு?

அன்று இரவு வடக்கே போகிற எங்கள் கட்டில் மூன்றே லைன்களுக்கு உயிர் இருந்தது. டிக்கெட்டுகள் அடை அடையாய்ச் சேர்ந்தன. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கட்டணத்துக்குத் தகுந்த வரிசை உண்டென்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதினார்: "முதலில் உயிர் காக்கும் கால். அடுத்தது ரயில், துறைமுகம், கலெக்டர் ஆபீஸ். மற்றது பிறகு." எழுதிவிட்டு, "யார் கேட்டாலும் இதுதான். அழுதாலும் இதுதான்" என்றார்.

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கூடூருக்கு ஆர்டினரி கால் புக் செய்திருந்தார். தகப்பனார் அங்கே ஆஸ்பத்திரியில். அரை மணிக்கு ஒரு முறை, "அம்மா, என் கால்?" என்று கேட்பார். "லைன் இல்லை, ஸார்" என்பேன். கோபித்துக்கொள்ளவே இல்லை. "சரி அம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்பார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விடிகிற நேரத்தில் லைன் கிடைத்தது. போட்டேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், பெரியவர் மூன்று மணிக்கே போய்விட்டார் என்று சொல்லிற்று. மூன்று நிமிஷம்கூடப் பேசவில்லை. பேசி முடித்துவிட்டு அவர் என்னிடம், "ரொம்ப உபகாரம், அம்மா" என்றார்.

அவர் பேசியிருந்தால் தகப்பனார் பிழைத்திருக்கப் போவதில்லை. அன்று மூன்று மணிக்கு அந்த லைனில் போய்க்கொண்டிருந்தது, தண்டவாளம் மூழ்கிய இடத்தைச் சொல்லும் ரயில்வே கால். அதற்குத்தான் கொடுக்க வேண்டும். அதே இரவு மறுபடி வந்தாலும் அதே வரிசையில்தான் போடுவேன். ஆனால், "மகன் வந்துகொண்டிருக்கிறான்" என்ற ஒரு வார்த்தையை யாராவது அந்தப் பெரியவர் காதில் சொல்லியிருப்பார்கள் அல்லவா? '100-க்கு ஒருவருக்குக் கிடைக்காவிட்டால் பாதகமில்லை' என்று புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒருவரின் குரல் கேட்கும்.

இதை மருமானிடம் சொன்னேன். காபி ஆறிப்போகும் வரை பேசாமல் இருந்தான்.

"எங்க கணக்கிலேயும் அந்த ஒருத்தன் இருக்கான், அத்தை. அவன் விமானத்துக்குள்ளே இருக்கான். அதனால அவன் யாருன்னு சண்டை வர்ற அன்னைக்குப் பார்த்துக்கலாம்னு விட முடியாது. அமைதியா இருக்கிறப்பவே உட்கார்ந்து எழுதணும். அதுதான் கஷ்டமான கணக்கு."

* * *

அமெரிக்க ராணுவம் 1960-களில் ஆட்டோவான் என்று தனக்கென ஒரு டெலிபோன் அமைப்பு வைத்துக்கொண்டது. அதன் கருவிகளில் வழக்கமான எண்களுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பொத்தான்கள். லைன் எல்லாம் நிரம்பியிருந்தால், மேல்படி அவசரத்துக்கு உரிய பொத்தானை அழுத்தியதும் கீழ்ப்படிப் பேச்சு ஒன்று தானாக அறுந்து வழி விடும். எங்கள் சூப்பர்வைசர் அம்மாளின் சாக்பீஸ் பலகைதான், யந்திரத்துக்குள் வைத்துவிட்டார்கள்! ஆனால் யாருக்கு எந்தப் பொத்தான் என்று முடிவு செய்தது யந்திரமல்ல, மனிதர்கள்.

சரி, அண்டா எவ்வளவு பெரிது என்பதை எப்படித்தான் நிச்சயிக்கிறார்கள்? "இதுதான் நடக்கும்" என்று ஒரே ஜோசியத்தை நம்புவதில்லையாம். மலை எல்லையில் தகராறு, கடலில் தேடுதல், ஊரில் வெள்ளம், இரண்டு ஒன்றாய் வந்தால் என்று பலவிதமான நாட்களைக் கற்பனை செய்து, ஒவ்வொன்றிலும் யார் யார் பேசுவார்கள் என்று யந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஏதோ ஒரு நாளுக்குப் பிரமாதமாகவும் மற்ற நாளுக்குப் படுமோசமாகவும் இருப்பதைத் தள்ளிவிட்டு, எந்த நாளிலும் மானத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாட்டை எடுத்துக்கொள்வார்கள். மிக மோசமான நாளுக்கே முழுவதும் கட்டினாலோ, கஜானா காலியாகும். மற்ற நாளெல்லாம் அது சும்மா கிடக்கும். ஆகவே கொஞ்சம் சொந்தம், கொஞ்சம் கையிருப்பு, தேவைப்பட்டால் சிவிலியன் செயற்கைக்கோளில் வாடகை இடம், எல்லாம் போனால் பழைய ரேடியோ.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜிசாட்-7ஏ வேலை செய்வது கேயூ அலைவரிசையில். நம் வீட்டு டிஷ் டி.வி.யும் அதே ஜாதிதான். கனமழையில் சீரியல் மறைந்துபோவது எல்லோருக்கும் தெரியுமே, அந்தத் தொல்லை அங்கேயும் உண்டு.

கற்பனை செய்யாத நாளும் வரத்தான் வரும். 2014 மார்ச்சில் மலேசிய விமானம் ஒன்று காணாமல் போனது. நம் அரக்கோணத்துக் கடற்படைத் தளமான ராஜாளியில் முந்திய வருஷம்தான் வந்து சேர்ந்திருந்த பி-8ஐ ரக விமானமும் தேடுதலில் சேர்ந்தது. 2015 டிசம்பரில் மீனம்பாக்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அதே ராஜாளியில் சாதாரணப் பிரயாணிகளின் விமானங்கள் இறங்கி ஏறின. தளத்தைக் கட்டியவர்கள் பெட்டியும் பிள்ளையுமாகக் குடும்பங்கள் அங்கே வந்து நிற்கும் என்று கண்டார்களா?

தேவை ஓயாமல் வளர்ந்துகொண்டும் இருக்கிறது. கடற்படையின் ருக்மிணி 2,650 கிலோ. அதே படைக்காக 2025 நவம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஜிசாட்-7ஆர் 4,410 கிலோ! தரைப் படைக்குத் தனியாக ஜிசாட்-7பி வேண்டுமென்று 2023 மார்ச்சில் ஒப்பந்தமாகியிருக்கிறது.

ஆனால் லைன் நிறைய இருந்தால் மட்டும் காரியம் முடியுமா? எங்கள் வட சென்னைக்காரர்களுக்கு இதற்கு ஒரு கதை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். அதன் முடிவு அவ்வளவாகத் தெரியாது. நவம்பர் 9-ஆம் தேதி, இந்து மகாசமுத்திரத்தில் கோக்கோஸ் தீவின் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் போயிற்று. தன் கருவியால் கூச்சல் கிளப்பிச் சேதியைக் குழப்பியும் பார்த்தது. நிலையத்தில் இருந்தவர்களோ, அன்னியக் கப்பல் வந்திருக்கிறது என்ற சேதியை விடாமல் அனுப்பிவிட்டார்கள். அருகே போய்க்கொண்டிருந்த 'ஸிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து எம்டனை முடித்தது. ஒரு நிலையம், ஒரே ஒரு சேதி. அதை முதலில் அனுப்ப வேண்டும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியில் தண்ணீர் புகுந்து, எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனதே, அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு செல்போன் இருந்தது. டவருக்கு மின்சாரம் போனதும் நாலும் பொம்மைதான். பக்கத்துத் தெருப் பாட்டியைத் தூக்கிவந்தது போன் அல்ல. வெள்ளம் வந்தால் அவரை யார் அழைத்துவருவது என்று முன்பே பேசி வைத்திருந்த இரண்டு பையன்கள்.

அதற்குப் பிறகு நாங்களும் ஒரு பலகை எழுதியிருக்கிறோம். போன் செத்தால் யார் யாரைக் கவனிப்பது, எங்கே சேர்வது, ஒரே ஒரு போனில் உயிர் இருந்தால் யார் முதலில் பேசுவது என்று வரிசையாய். அடுத்த வீட்டு அம்மாளுக்கு அதில் இரண்டாவது இடம், அவர் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியதால். தனக்கு ஏழாவது இடம் என்று எதிர் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மனஸ்தாபம். வெயில் காய்கிற நாளிலேயே அந்த மனஸ்தாபம் வந்து தீர்ந்துபோவது நல்லதல்லவா?

பலகையின் அடியில் என் உத்தியோக அனுபவத்தால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எர்லாங் துரையும் ஒப்புக்கொள்வார், எந்தச் செயற்கைக்கோளும் வேண்டாம், செலவும் இல்லை: "லைன் கிடைத்தவர் சுருக்கமாய்ப் பேசி வைத்துவிட்டால், அது இன்னொருவருக்கு ஒரு லைன்."